சீட்டு வரும் வரைக்கும் பிள்ளை காத்திருக்குமா?

(பட்டிமன்றத் தலைப்பு: மருத்துவத்தில் எளிய குடும்பத்துக்குப் பெரிதும் உதவுவது தொலைவிலுள்ள பெரிய வசதியா, அருகிலுள்ள சிறிய வசதியா? காரைக்குடி மேடையில் ‘அருகிலுள்ள சிறிய வசதியே’ என்ற அணியில் ஆசிரியை ஒருவர் பேசியது.)



எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மெஷின், பெரிய டாக்டர். உயிருன்னு வந்தா எவ்வளவு தூரமானாலும் போகத்தான் வேணும்" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பல்வலிக்கே மதுரைக்கு பஸ் ஏறுகிற ஊர் நம்ம ஊர். (சிரிப்பு) ஆனால் ஐயா, போவதற்குக் கால் வேண்டும், காத்திருப்பதற்கு நாள் வேண்டும். இரண்டும் இல்லாத ஒரு நோயாளியைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். வயது ஒன்றரை மாதம்.

குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியில் எய்ட்ஸ் பற்றிப் பேசலாமா என்று என் அணியிலேயே ஒருவர் தயங்கினார். குடும்பத்துக்குள் வந்துவிட்ட ஒன்றைக் குடும்பத்தோடு உட்கார்ந்துதானே பேச வேண்டும்?

என்னிடம் பத்தாவது படித்த பெண். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். புருஷன் லாரி ஓட்டுகிறவர். வயிற்றில் பிள்ளை உண்டானபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது, இருவருக்கும் எச்.ஐ.வி. நம்பிக்கை மையத்தில் சொன்னபடி அவள் மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. மருந்தே இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குக் கிருமி போகிற வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் ஐந்துக்கும் கீழே. பிள்ளை பிறந்தது. அந்த ஐந்துக்குள் தன் பிள்ளை இருக்குமோ? மாமியாருக்குத் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது. என்னிடம்தான் வந்தாள். "டீச்சர், கூட வர்றீங்களா?"

பிள்ளைக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை செய்துவிடலாமே என்றுதான் நான் நினைத்தேன். அங்கே இருந்த நர்சம்மா விளக்கினார். நம் செட்டிநாட்டுக்குப் புரிகிற மாதிரி நான் சொல்கிறேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர் வைக்கிறோமே, அதுபோல ஒவ்வொரு தாயும் பிள்ளை பிறக்கும்போதே ஒரு சீர் அனுப்புகிறாள். தன் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள்தான் அந்தச் சீர். சாதாரணப் பரிசோதனை தேடுவது எதிர்ப்பொருளைத்தான். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் அதற்கான எதிர்ப்பொருளும் சீரோடு வந்திருக்கும். ஆகவே கிருமியே தொடாத பிள்ளைக்கும் ‘உண்டு’ என்று காட்டும். அந்தச் சீர் முழுதாகத் தீரப் பதினெட்டு மாதம்கூட ஆகும். பாத்திரமே இவ்வளவு நாள் தாங்குவதில்லை! (சிரிப்பு) அதனால் கிருமியின் மரபணுவையே தேடுகிற வேறொரு பரிசோதனை வேண்டும். அதை ஒன்றரை மாதத்தில் எடுக்கலாம்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றிவிட்ட கொடுமை நினைவிருக்கிறதா? 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் பரிசோதனை என்று பேப்பரில் படித்தோம். தமிழ்நாடே காத்திருந்தது. முடிவு என்ன என்று நான் இந்த மேடையில் சொல்லமாட்டேன். அது வளர்ந்து பெரியவளாகப் போகிற ஒரு பெண்ணின் சொந்த விஷயம். (கைதட்டல்)

நான் அவளோடு போன கதைக்கு வருகிறேன். ஒன்றரை மாத ஊசி போடுகிற நாள். குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் வட்டம் வட்டமாக ரத்தச் சொட்டு வைத்தார்கள். காய்ந்த பிறகு அது உறைக்குள் போய்விட்டது. நம் நாட்டில் 2010-லிருந்து நடப்பது இந்த முறை. நல்ல முறைதான், குறை சொல்லவில்லை. ஐஸ் பெட்டி வேண்டாம், தபாலில் போகும். ஆனால் போன அட்டைக்குப் பதில் வர வேண்டுமே! அந்தக் காலத்தில் நம்மவர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனார்கள். கப்பலில் கடிதம் வருமா வருமா என்று ஆச்சிமார் முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் வயிறு எரியும், ஆனால் யாருக்கும் உயிர் போகாது. இங்கே?

எச்.ஐ.வி.யோடு பிறந்த பிள்ளைக்கு மருந்தே கொடுக்காவிட்டால், மூன்றில் ஒரு பிள்ளை முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. இரண்டாம் பிறந்தநாளுக்குள் பாதிப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். அதிலும் சாவு அதிகம் இரண்டாம், மூன்றாம் மாதத்தில். தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. நோய் முற்றட்டும் என்று காத்திராமல், தெரிந்தவுடனே மருந்து கொடுத்த பிள்ளைகளிடம் சாவு 76 சதவிகிதம் குறைந்தது. மருந்து அதேதான். தொடங்கிய நாள்தான் வேறு.

நாங்கள் முதல் தடவை போய்க் கேட்டோம், வரவில்லை. இரண்டாம் தடவை, "அடுத்த வாரம் வாங்கம்மா." எதிரணியினர் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுகிறார்கள். அவளுக்குத் தூரம் என்பது பொய்க் கணக்கு, ஐயா. ஒவ்வொரு தடவை பஸ் ஏறவும் மாமியாரிடம் ஒரு பொய். "ஊசி போடணும்." "எடை பார்க்கணும்." "டீச்சர் வீட்டு விசேஷம்." என் வீட்டில் அந்த வருஷம் நடந்த விசேஷம் அத்தனையும் அவள் வைத்ததுதான்! (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். மூன்றாவது பொய் சொல்லும்போது அவளுக்குக் கை நடுங்கியது.

1986-ஐ நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்றே தெரியாத காலம். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மாணவி எண்பது பேரின் ரத்த மாதிரிகளைச் சேர்த்தார். சென்னையில் பரிசோதிக்க வசதியில்லை. வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்து, ரயிலேறி வேலூருக்கு எடுத்துக்கொண்டு போனார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. நாட்டுக்கே அதுதான் முதல் செய்தி. அன்றைக்கு ரத்தம் பயணம் செய்தது, வேறு வழியில்லை. இன்றைக்கும் ஏன் பயணம்?

மேஜைமேல் வைக்கிற சின்ன மெஷின்கள் வந்துவிட்டன. சில சொட்டு ரத்தம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பதில். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு வகைகளின் தரத்தைச் சரிபார்த்து ஏற்றது. 2021-இல் கைக்குழந்தைகளுக்கு இம்முறையைப் பரிந்துரையே செய்தது. மொசாம்பிக் நம்மைவிட ஏழை நாடு. அங்கே கிருமி இருந்த பிள்ளைகளில் அறுபது நாளுக்குள் மருந்து தொடங்கியது, பழைய முறையில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு. மெஷினைப் பக்கத்திலேயே வைத்த நிலையங்களில் ஏறக்குறைய தொண்ணூறு பேருக்கு. 2018-இல் வந்த கணக்கு இது.

"நம்ம பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைகள் ரொம்பக் கொஞ்சம், அதுக்கொரு மெஷினா?" என்று எதிரணி நண்பர் கேட்டார். கொஞ்சம்தான், அந்த மட்டும் சந்தோஷம். தனி மெஷின் வேண்டாமே! காசநோய்க்குச் சளி பார்க்க நம் அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் மெஷின்களில் ஒரு வகை உண்டு. அதிலேயே வேறு கார்ட்ரிட்ஜைச் செருகினால் பிள்ளையின் ரத்தத்தையும் பார்க்கும். ‘உண்டு’ என்று வந்தால் மருந்தை அன்றே தொடங்கி, இரண்டாவது மாதிரி எடுத்து உறுதி செய்துகொள்ளலாம். அதற்குப் பெரிய லேப் இருக்கட்டும், நான் இடிக்கச் சொல்லவில்லை.

எதிரணி அம்மா ஒன்று கேட்டார்: "பக்கத்து ஆஸ்பத்திரின்னா தெரிஞ்ச முகம். ரகசியம் என்னாகும்?" நியாயமான கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. ‘இல்லை’ என்று வந்த பிள்ளைக்கும் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதங்களில் மறுபடி பார்க்க வேண்டும். நாலு தடவை போனாலே போதும் என்பதை எட்டுத் தடவை அலையவிட்டால் தெரிந்த முகம் கூடுமா, குறையுமா?

அருகில் கொண்டுவருவது இந்த மண்ணுக்குப் புதிதா? மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தப் பொட்டல் காட்டுக்கு எப்படி வந்தது? வள்ளல் அழகப்பர் முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சமும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். விஞ்ஞானத்தையே காரைக்குடிக்கு வரவழைத்தவர்களுக்கு ஒரு மேஜை மெஷின் பெரிதா? (கைதட்டல்)

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரே நிமிஷம். மூன்றாம் தடவை சீட்டு வந்திருந்தது. பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். கிருமி இல்லை. என் மாணவி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். எங்களோடு அதே நாளில் ரத்தம் கொடுத்த இன்னொரு பெண், முதல் இரண்டு தடவையும் எங்களுக்குப் பக்கத்திலேயே காத்திருந்தவள், அன்றைக்கு வரவில்லை. அவளுடைய சீட்டும் வந்திருந்தது. நர்சம்மா போன் போட்டுப் பார்த்தார், போகவில்லை. அந்தச் சீட்டை மடித்து இழுப்பறையில் வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊசி போட்ட அன்றே அது அவள் கையில் கிடைத்திருந்தால்? நடுவர் அவர்களே, தீர்ப்பில் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.