விளையாட்டா, சண்டையா? ஒரே வீட்டில் இரண்டு நாய்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் அன்று விட்டுப்போன ஓரிரு விஷயங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "ராத்திரி ஒன்பதரை மணிக்கு யார் வீட்டில் மேஜை நாற்காலியை இழுக்கிறீர்கள்?" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார், ஞாபகம் இருக்கும். அது எங்கள் வீடுதான். மேஜையும் இல்லை, நாற்காலியும் இல்லை, இரண்டு நாய்கள். அதனால்தான் செயலாளர் என்னைப் பிடித்து இங்கே நிறுத்தியிருக்கிறார். நான் கால்நடை மருத்துவரும் இல்லை, நாய்ப் பயிற்சியாளரும் இல்லை. பேங்க்கில் கணக்கு எழுதி ரிடையர் ஆனவன். ஆனால் செய்த தப்பைச் சொல்ல என்ன தகுதி வேண்டும்?

மணியை உங்களில் பலருக்குத் தெரியும். கறுப்பு நாட்டு நாய், பத்து வயது. லிஃப்டில் ஓரமாக ஒட்டிக்கொண்டு வருவான். ராக்கி என் மகனுடைய லாப்ரடார். மகனுக்குப் புனேவுக்கு மாற்றல் ஆனதும், "ரெண்டு மாசம்தான்ப்பா, வீடு பார்த்ததும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று விட்டுவிட்டுப் போனான். எந்த இரண்டு மாதம் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வந்தபோது ராக்கிக்கு எட்டு மாதம், எடை 26 கிலோ. மணி 17 கிலோ.

ஒரு வாரம் ஒருவரை ஒருவர் மோந்து பார்த்துக்கொண்டும் விலகிக்கொண்டும் இருந்தார்கள். பிறகு ஒரு நாள் மணி முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி வாலை ஆட்டினான். நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். விளையாட்டுக்குக் கூப்பிடும் கும்பிடு அது. மார்க் பெக்காஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைப் பற்றி ஆராய்ந்து 1995-இல் எழுதியிருக்கிறார். கடித்து உதறுவது மாதிரி எதிராளி தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய காரியத்தைச் செய்வதற்கு முன்னாலோ செய்த பின்னாலோதான் நாய்கள் இந்தக் கும்பிடை அதிகம் போடுகின்றன என்கிறார். 'கோவிச்சுக்காதே, இது விளையாட்டு' என்று சொல்கிற மாதிரி.

அதன் பிறகு தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ஆரம்பித்துவிடும். துரத்தல், உருளல், உறுமல், சோஃபா மேல் ஏறிக் குதித்தல். நாங்கள் டி.வி.யை அணைத்துவிட்டு இதைத்தான் பார்ப்போம். மகனுக்கு வீடியோ எடுத்து அனுப்புவோம். "மணிக்கு வயசு திரும்பிடுச்சு பாருங்க" என்று என் மனைவி சொல்வாள்.

கீழ்வீட்டு நண்பர் குழுவில் கேட்டதோடு விடாமல் எனக்குத் தனியாகவும் எழுதினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது. பெரும்பான்மை ஓட்டில் தீர்மானம் போட்டாலும் குடியிருப்புச் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று அதில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து அவருக்கு அனுப்பிவைத்தேன். மனிதர் தடை செய்யவே சொல்லவில்லை! பதிலுக்கு இரண்டு வரிதான் எழுதினார்: "சார், சத்தம் பரவாயில்லை. தினமும் ஒரு நாய் வலியில கத்தற மாதிரி கேக்குது, அதான் கேட்டேன்."

படித்தேன். படித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். சட்டம் என் பக்கம் இருக்கிறது என்ற நினைப்பு.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி மணி டீப்பாய்க்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். ராக்கி விடவில்லை. கழுத்தைக் கவ்வி வெளியே இழுத்தான். மணி திரும்பினான். அடுத்த நொடி இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. இந்த முறை வந்த சத்தம் வேறு. என் மனைவி "மணி, மணி" என்று கத்திக்கொண்டே இரண்டுக்கும் நடுவில் கையை விட்டுவிட்டாள். மணிக்கட்டில் இரண்டு பல் ஆழமாக இறங்கிவிட்டது. எந்த நாயின் பல் என்று இன்றுவரை தெரியாது. குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த நேரத்திலேயே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு நாய்களுக்கும் வருடா வருடம் ஊசி போட்டிருக்கிறோம் என்றாலும் டாக்டர் சொன்ன தடுப்பூசிகளை எல்லாம் அவள் போட்டுக்கொண்டாள். இதில் யாரும் கணக்குப் பார்க்காதீர்கள். ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழி இல்லை.

மறுநாள் காலையில், ராக்கியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். மனைவி கட்டுப்போட்ட கையோடு காபி கலந்துகொண்டிருந்தாள். "கையை நீட்டினது நான். அதுக்கு நாயை ஏன் குடுக்கணும்? முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க" என்றாள்.

கால்நடை மருத்துவர் நாய்களைத் தொடுவதற்கு முன்னால், "விளையாடும்போது எடுத்த வீடியோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறதாவது! மகனுக்கு அனுப்பினது முழுக்க போனில் இருந்தது. பெருமையாக நீட்டினேன். "சத்தத்தை அணைச்சிட்டுப் போடுங்க" என்றார்.

அவர் காட்டிக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். இன்று நான் பேச வந்ததே இதற்காகத்தான்.

உறுமலை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாதாம். சந்தோஷமாக விளையாடும் நாய்களும் பயங்கரமாக உறுமும். முதுகு முடி சிலிர்ப்பதும் அப்படித்தான், அது பரபரப்பைக் காட்டுமே தவிர பகையை அல்ல. பார்க்க வேண்டியது உடம்பை. விளையாடும் நாயின் உடம்பு தளர்வாக, வளைந்து நெளிந்து இருக்கும். வாய் திறந்திருக்கும். தேவைக்கு மேல் குதிக்கும். பெரிய நாய் தானாக மல்லாந்து படுத்துச் சின்னதை மேலே ஏற விடும். நடு நடுவே இரண்டும் நிறுத்தும், உடம்பை உதறிக்கொள்ளும், தும்மும், மறுபடி ஆரம்பிக்கும். துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி வரும். சரிபாதியாகத்தான் மாற வேண்டும் என்பதில்லை, சில நாய்களுக்குத் துரத்தப்படுவதில்தான் ஆசை. ஆனால் கீழே இருக்கும் நாய் விருப்பத்தோடு இருக்க வேண்டும்.

முதல் மாத வீடியோக்களில் இதெல்லாம் இருந்தது. மணி கும்பிடு போடுகிறான், ராக்கி மல்லாக்கப் படுக்கிறான். அடுத்த மாத வீடியோவில் மணியின் கும்பிடு ஒன்றுகூட இல்லை. வாய் இறுக மூடியிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், உதட்டை நக்கிக்கொள்கிறான், கண்ணின் வெள்ளை தெரிகிறது. இடைவேளையே இல்லை. ஒரு வீடியோவில் அவன் சுவர் ஓரமாக நழுவி சமையலறைப் பக்கம் போகப் பார்க்கிறான், ராக்கி மறிக்கிறான். பின்னணியில் நான் சிரிக்கிறேன். சத்தத்தை அணைத்திருந்தும் எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருந்தது.

பிறகு மணியின் இடுப்பைத் தொட்டுப் பார்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இடுப்பு மூட்டு இரண்டிலும் தேய்மானம். வழுக்கும் டைல்ஸ் தரையில், 26 கிலோ வந்து பக்கவாட்டில் மோதினால் எப்படி இருந்திருக்கும்? கீழ்வீட்டுக்காரருக்குக் காதில் விழுந்தது, எங்களுக்கு வாரக்கணக்கில் கண்ணில் படவில்லை.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். மேலே விழும் நாயைக் கழுத்துப்பட்டையைப் பிடித்துச் சில நொடி நிறுத்துங்கள். கீழே இருந்தது என்ன செய்கிறது என்று பாருங்கள். திரும்ப வந்து மூக்கால் இடித்தால் அதற்கும் ஆட்டம் வேண்டியிருக்கிறது, விட்டுவிடலாம். விலகிப் போனாலோ, ஒளிந்துகொண்டாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அன்று சாயங்காலம் ராக்கியைப் பிடித்து நிறுத்தினேன். மணி திரும்பிக்கூடப் பார்க்காமல் பால்கனிக்குப் போய்விட்டான்.

"அதுங்களுக்குள்ளேயே அடிச்சுக்கிட்டுத் தீர்த்துக்கும், நீங்க தலையிடாதீங்க" என்று எனக்கும் பலர் சொன்னார்கள். இரண்டும் சம பலமாக, நோய்நொடி இல்லாமல் இருந்தால் சின்ன உரசல்கள் தானாகத் தீரலாம். ஒன்று கிழம், ஒன்று விடலை என்றால் தீர்வது கிழத்தின் கணக்குதான். அதேபோல் உறுமும் நாயை அதட்டாதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதட்டி அதட்டி அதை நிறுத்திவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிதான் வரும்.

எங்கள் வீட்டில் என்ன மாற்றினோம்? கூடத்தில் சணல் விரிப்புப் போட்டோம், கால் வழுக்காது, கீழ்வீட்டுக்குச் சத்தமும் குறைவு. மாதம் ஒரு முறை நகம் வெட்டுகிறோம். மணிக்கு மருத்துவர் கொடுத்த வலி மருந்து மட்டும்தான். நாம் சாப்பிடும் வலி மாத்திரைகளை நாய்க்குத் தரவே கூடாது, பாராசிட்டமால் உட்பட. என் மனைவியின் முட்டிவலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று நான் யோசித்ததுண்டு, நல்லவேளை கேட்டுவிட்டுச் செய்தேன்.

ராக்கியின் பலத்தை வெளியே செலவழிக்க வேண்டியிருந்தது. காலை ஐந்தரைக்கு முக்கால் மணி நேரம் அவனோடு மட்டும் நடை. மணிக்குத் தனியாகப் பத்து நிமிடம், அவன் வேகத்துக்கு. ஒரு நாள் நடை குறைந்தால் ராத்திரி ஆட்டம் கூடுகிறது. நோட்டில் எழுதி வைத்துப் பார்த்ததால் சொல்கிறேன், பழைய பழக்கம். தூக்கம் கெட்டாலும் குட்டிகள் சின்னக் குழந்தை மாதிரி வெறி பிடித்து ஆடும். விருந்தாளி வந்து போன நாட்களில்தான் எங்கள் வீட்டில் ரகளை அதிகம்.

ஆட்டம் சூடேறுவதற்கு முன்னாலேயே பேர் சொல்லிக் கூப்பிடுவது அடுத்தது. வேகவைத்த கோழித்துண்டு ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவு போதும். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் "ராக்கி, வா". வந்தால் துண்டு, கொஞ்சம் மூச்சு வாங்கட்டும், பிறகு மறுபடி போக அனுமதி. வந்தால் ஆட்டம் போய்விடாது என்று தெரிந்தபின்தான் அவன் ஒழுங்காக வர ஆரம்பித்தான். மூன்று வாரம் ஆயிற்று. சாப்பாடு இரண்டு தனி அறைகளில். எலும்பு, பந்து இரண்டும் சேர்ந்திருக்கும்போது தரையில் கிடக்காது. காலிங்பெல் அடித்தால் முதலில் ராக்கி உள்ளே, பிறகுதான் கதவு திறக்கும். கதவடியில் தொடங்கும் சண்டைகள் நிறைய.

எல்லாம் மீறிச் சண்டை வந்துவிட்டால் தயவுசெய்து கையை நடுவில் விடாதீர்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கிப் போடுங்கள். தண்ணீர் ஊற்றுங்கள், போர்வையை மேலே வீசுங்கள், நாற்காலியை இடையில் தள்ளுங்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால் இரண்டையும் தொடைப்பக்கமாகப் பிடித்துத் தூக்கி, ஒரே நேரத்தில் பின்னோக்கி இழுக்கலாம். ஆனால் ஒன்று கவ்விக்கொண்டிருக்கும்போது இழுத்தால் சதை கிழியும், வாய் விட்ட பிறகே இழுக்க வேண்டும். குழந்தைகளை முதலில் அறைக்குள் அனுப்பிவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் பி பிளாக் அம்மா ஒருவர், துணைக்கு இரண்டாவதாக ஒரு குட்டி வாங்கலாமா என்று கேட்டார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017 விதிகளே சொல்கின்றன, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் குட்டி கற்றுக்கொள்கிறது. இன்னொன்று, உங்கள் வீட்டு நாய்க்கு எட்டு வயதுக்கு மேல் என்றால் வாங்குவதற்கு முன் மூட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள். துணை வேண்டியிருப்பது நாய்க்கா நமக்கா என்றும் நான் கேட்டேன். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

மணி இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் தானாகவே கும்பிடு போட்டுக் கூப்பிடுகிறான். ஐந்து நிமிடம் ஆடுவான், பிறகு தச்சரிடம் சொல்லிச் செய்த தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்வான். ராக்கிக்கு அங்கே அனுமதி இல்லை. கீழ்வீட்டு நண்பரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த வழிகாட்டுதலைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

முதலில் செய்த தடுப்புக் கதவு உயரம் போதாமல் ராக்கி தாண்டிவிட்டான், அதனால் வேறு செய்தோம். பழையது இரண்டரை அடி உயரம், மூன்றடி அகலம், எங்கள் வீட்டுப் பரணில் சும்மா கிடக்கிறது. சின்ன நாய் வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.