வாய்ப்புற்றும் உயிரணுவின் நெருக்கடியும்

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மண்டிகளில் மூட்டை சுமப்போர் நிறைந்த இந்தப் பேட்டையில், பசியை மறக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது தலைமுறைப் பழக்கம். என் தாயாரும் அவ்வாறே. கன்னத்தில் வெள்ளைத் திட்டு தோன்றியபோது, "சுண்ணாம்பு சுட்டுவிட்டது" என்றார். நாங்களும் நம்பினோம். ஓராண்டில் அவரை இழந்தோம்.

சுண்ணாம்பு என்று அவர் சொன்னதில் சிறிது உண்மை உண்டு. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனோடு கலந்து, அருகிலுள்ளதையெல்லாம் தாக்கும் மூலக்கூறுகளைப் பிறப்பிக்கின்றன. அவை உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. நல்ல உயிரணு பழுதைச் சரிசெய்யும். இயலாவிடில் தானே மடியும். புற்றணுவோ மடிய மறுக்கிறது.

அது விரைந்து பெருகுவதால் இரத்தம் போதாமல் ஆக்சிஜன் பஞ்சம் ஏற்படுகிறது. புரதங்களை மடித்து உருவாக்கும் உள்ளறையில் மடியாத புரதங்கள் குவிகின்றன. இந்த நெருக்கடியில் எழும் அபாய அறிவிப்பையே புற்றணு தன் பிழைப்புக்கு வழியாக்கிக்கொள்கிறது. புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கிறது; அமிலத்தை வெளியேற்றிச் சுற்றுப்புறத்தைக் கெடுக்கிறது; காக்க வந்த வெள்ளணுக்களை மந்தப்படுத்துகிறது; நார்த்திசு அணுக்களையும் தனக்கு ஊழியம் செய்ய வைக்கிறது. ஆக்சிஜன் குறைவை உயிரணு உணரும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

"புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்போர் உண்டு. பாக்கே புற்றுநோய் விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. பாக்கிலுள்ள அரிக்கோலின் வாயின் உட்புறத்தை நாராக இறுகச் செய்யும். வாய் திறக்க இயலாத இந்நோயை 1952-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம்தான் முதன்முதலில் விவரித்தார்கள். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். நுழையாவிடில் மருத்துவரிடம் செல்லுங்கள். தமிழக அரசு 2013-இல் குட்காவைத் தடைசெய்தது. வெற்றிலைப் பாக்கைத் தடைசெய்யச் சட்டமில்லை.

இளைஞர்களே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. மருத்துவம் படிக்காத பட்டதாரிகள் பயிற்சி பெற்று, வீடுவீடாகச் சென்று, விளக்கொளியில் வாய்களைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் முடிவு வெளிவந்தது. நம் சங்கம் படிக்க வைத்த பட்டதாரிகள் இந்த மன்றத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். பயிற்சிக்கு மருத்துவர்களைக் கேட்போம். இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ திட்டோ கண்டால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்வோம். தனியே போகச் சொன்னால் கூலியை விட்டுப் போகமாட்டார்கள். என் தாயாரும் போகவில்லை.

விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் எழுதிக் கொடுங்கள்.