கடல் கடந்த கச்சேரிக்கு அனுமதி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பாட்டும் பரதமும் மிருதங்கமும் பயின்ற நம் பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வருவது இன்று அரிதன்று. கிளீவ்லாந்து நகரில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடந்து வருவதை இரசிகர்கள் அறிவர். அழைப்பு வந்ததும், "சுற்றுலா விசா போதாதா?" என்று வினவுகின்றனர். நடைமேடைச் சீட்டைக் காட்டி வண்டியில் பயணம் செய்யலாகாது என்பதை இரயில்வே குமாஸ்தாவாகிய நாம் சொல்லவும் வேண்டுமோ!

கலையைத் தொழிலாகக் கொள்ளாமல், ஊதியமின்றி, ஒரு விழாவில் ஆடும் சிறுமிக்கு வருகையாளர் விசா பொருந்தலாம். தொழில்முறை வித்துவானுக்கோ, சன்மானம் பெறாவிடினும் அது பொருந்துவது அரிது. உலகப் புகழ் பெற்ற விளையாட்டு வீரர்க்குப் 'பி-1' இருப்பதுபோல், தனிப்பண்பாட்டுக் கலைஞர்க்குப் 'பி-3' என்னும் பிரிவு உண்டு.

அமெரிக்கத் துணைத்தூதரகம் தாராவிக்கு அண்மையில், பாந்திரா–குர்லா வளாகத்தில்தான் உள்ளது. ஆயினும் காரியம் அங்கே தொடங்குவதில்லை. அழைக்கும் சபையே முதலில் அமெரிக்க அரசுக்கு மனுச் செய்தல் வேண்டும். கலைஞர் தமக்குத் தாமே செய்துகொள்ள இயலாது. அந்நாட்டுத் தொழிற்சங்கத்தின் கருத்தும் மனுவுடன் செல்ல வேண்டும். தம் நாட்டுக் கலைஞரின் பிழைப்புக் கெடலாகாது என்ற கவலை அது, குறை கூறுவதற்கில்லை. 2024 ஏப்ரல் 1 அன்று மனுக் கட்டணம் 460 டாலரிலிருந்து 1,015 டாலராயிற்று. இலாப நோக்கற்ற சபைகளுக்கு 510. ஒரு மனுவில் 25 பேர் வரை சேரலாம். மிருதங்க வித்துவான் குழுவில் அடங்குவார். ஒலியமைப்பாளருக்குத் தனி மனு.

கலை தனித்தன்மையுடையது என்று மெய்ப்பிப்பதே கடினம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஸ்கர்பால் பண்பாட்டு மையம் ஓர் அர்ஜென்டினக் குழுவை அழைத்தது. அதன் இசை யூத மரபும் இலத்தீன் அமெரிக்க மரபும் கலந்தது. கலப்பு என்று அனுமதி மறுத்தனர். கலந்து பிறந்ததும் தனிக்கலையாகலாம் என்று 2012-இல் மேல்முறையீட்டில் முடிவாயிற்று. அபங்கத்தையும் தேவாரத்தையும் ஒரே மேடையில் பாடும் மும்பைத் தமிழர்க்கு இது மிக வேண்டிய தீர்ப்பு.

தாமதம் புகழ்பெற்ற அணிகளையும் விடுவதில்லை. இங்கிலாந்தின் ஷோயப் பஷீர், இந்திய விசா கிடைக்கத் தாமதமானதால் 2024 சனவரியில் ஐதராபாத் டெஸ்ட் ஆட்டத்தை இழந்தார்.

மனுவுக்கு வல்லுநர் கடிதமும் நாளிதழ் விமர்சனமும் சான்றாகும். நம் பிள்ளைகளிடம் இருப்பதோ கைபேசிப் படங்களே. ஆகவே, இம்மேடை ஏறும் ஒவ்வொருவருக்கும் தேதியும் பெயரும் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலை, தலைவர் கையொப்பத்துடன் இவ்வாண்டு முதல் வழங்குமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.