சிறைக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்

  

தாம்பரத்திற்கு வடக்கே, தொடர்வண்டியில் ஏறினால் சிறிது நேரத்தில் வந்துவிடும் பல்லாவரம், தமிழர் மறக்கலாகாத ஊர். மறைமலையடிகள் வாழ்ந்த ஊர் அது. 1916ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கம் முளைவிட்ட மண் அது. அடிகளாரின் மகளார் நீலாம்பிகையம்மையார்தாம் 1938ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். ஈ.வெ.இராமசாமி அவர்களுக்குப் 'பெரியார்' என்னும் சிறப்புப் பெயர் வழங்கிய மாநாடு அதுவே. அதற்கு மறுநாள், கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்த மருத்துவர் தருமாம்பாளும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் மலர்முகத்தம்மையாரும் பட்டம்மாளும் சீதம்மாளும் சிறைப்பட்டனர். சீதம்மாள் தம் இரு குழந்தைகளையும் உடன் கொண்டு சென்றார்.

அப்போராட்டத்தில் சிறை புகுந்த பெண்கள் 73 பேர். தாய்மாரோடு சிறைக்குள் சென்ற குழந்தைகள் 32 பேர்.

இவ்வெண்ணிக்கையைத் தமிழ் மேடைகள் பெருமையோடு சொல்கின்றன, சொல்ல வேண்டியதுதான். ஆனால், அக்குழந்தைகளுக்கு ஒரு பேறு வாய்த்திருந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவர்களுடைய தாய்மார் சிறை சென்றபோது ஊர் மாலையிட்டது. மீண்டபோது ஊர்வலம் நடத்தியது. 'உன் தாய் மொழிக்காகச் சிறை சென்றவள்' என்று அக்குழந்தைகளிடம் பிறர் சொன்னபோது, அவர்கள் தலைநிமிர்ந்தனர். தந்தை திருட்டு வழக்கிலோ கஞ்சா வழக்கிலோ அடிதடி வழக்கிலோ சிறைப்பட்ட ஒரு சிறுமிக்கு அந்தப் பேறு இல்லை. அவளிடம் அதே செய்தி வேறு குரலில் சொல்லப்படுகிறது. அக்குரலைக் கேட்டவுடன் அவள் தலை கவிழ்கிறது. இன்றைய பேச்சு அந்தச் சிறுமியைப் பற்றியது.

தாம்பரம் இன்று ஒரு மாநகராட்சி. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் முதலிய ஊர்கள் 2021ஆம் ஆண்டு அதனுடன் இணைந்தன. 2022ஆம் ஆண்டு முதல் தாம்பரத்திற்கெனத் தனிக் காவல் ஆணையரகமும் உள்ளது. இவ்வூர்களில் ஒரு குடிக்கூலி வீட்டை எண்ணிப் பாருங்கள். மாலை ஆறு மணி. காவலர் வந்து தந்தையை அழைத்துச் செல்கின்றனர். தாய் முன்பே இல்லை, அல்லது அவளும் அதே வழக்கில் சேர்க்கப்படுகிறாள். பள்ளிப் பையோடு வாயிலில் நிற்கும் பிள்ளையை யார் அழைத்து உள்ளே அமர்த்துவது? யார் சோறு இடுவது? கதவைத் திறந்து வைப்பதா, பூட்டுவதா, பூட்டினால் திறவுகோலை யாரிடம் கொடுப்பது?

தளைப்படுத்தும் காவலர் பின்பற்ற வேண்டிய கட்டளைகளை உச்ச முறைமன்றம் 1996ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் தி.கே. பாசு வழக்கில் வகுத்தது. தளைக் குறிப்பு எழுத வேண்டும். உறவினர் ஒருவருக்கோ நண்பர் ஒருவருக்கோ செய்தி சொல்ல வேண்டும். மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாம் நல்ல கட்டளைகள். ஆனால், 'வீட்டில் குழந்தை உண்டா, அதனை யார் பார்த்துக்கொள்வர்' என்னும் ஒரு கேள்வி அவற்றில் இல்லை. சட்டம் கேட்க மறந்த அந்தக் கேள்வியைத் தெரு கேட்க வேண்டும்.

'குற்றவாளியின் பிள்ளைக்கு ஏன் இந்தப் பரிவு?' என்று சிலர் வினவலாம். அவர்களுக்குப் புறநானூற்றின் 46ஆம் பாட்டு விடை சொல்லும். கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக் காலில் இட்டுக் கொல்ல முனைந்தான். கோவூர் கிழார் இடையில் வந்து நின்றார். மன்றத்தைக் கண்டு மருண்டு நின்ற அச்சிறுவர்களின் நிலையை எடுத்துச் சொல்லி, அவர்களை உய்வித்தார். மலையமானின் செயல் சரியா பிழையா என்னும் வழக்கை அவர் அங்கே ஆராயவில்லை. தந்தையின் பகைக்கு மக்கள் பொறுப்பாகார் என்பதே அவர் நிலைநாட்டிய அறம். பகைவனின் பிள்ளைக்கே தமிழறம் அப்படிப் பரிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகவா பரிவது?

மேலும், சிறையில் இருப்போர் அனைவரும் குற்றவாளிகள் என்பதும் பிழையே. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் வழக்கு முடியாதவர், அதாவது விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர் மீது எந்தத் தீர்ப்பும் எழுதப்படவில்லை. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒருவரைத் தீர்ப்பு இல்லாமலே பன்னிரண்டு திங்கள் வரை அடைத்து வைக்கலாம். பன்னிரண்டு திங்கள் என்பது பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வகுப்பு. அந்த ஓராண்டில் படிப்பை விட்ட பிள்ளை, தந்தை குற்றமற்றவர் என்று விடுதலையான பிறகும் பள்ளிக்குத் திரும்புவது அரிது.

அதே ஆண்டு இறுதியில் தாய்மாரோடு சிறைக்குள் இருந்த குழந்தைகள் 1,764 பேர் என்று அரசின் சிறைக் கணக்கு சொல்கிறது. வெளியே விடப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதற்கு அக்கணக்கில் இடமே இல்லை.

உள்ளே இருக்கும் குழந்தைகளுக்கு ஓரளவு சட்டக்காவல் உண்டு. உபாத்தியாய் வழக்கில் உச்ச முறைமன்றம் 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் தீர்ப்புரைத்தது. ஆறு அகவை வரை குழந்தை தாயோடு இருக்கலாம். அதனைச் சிறையாளியாக நடத்தலாகாது. உணவும் உடையும் மருத்துவமும் கல்வியும் அதன் உரிமை. பெண்கள் சிறையை ஒட்டிக் குழந்தைக் காப்பகமும் மழலைப் பள்ளியும் வேண்டும். சிறையில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றில் சிறையைப் பிறப்பிடமாக எழுதலாகாது. ஆறு அகவை முடிந்தபின், தாயின் விருப்பப்படி உறவினரிடமோ அரசு இல்லத்திலோ ஒப்படைக்க வேண்டும். இல்லத்தில் வளரும் பிள்ளை கிழமைக்கு ஒருமுறையேனும் தாயைக் காணச் செய்தல் வேண்டும்.

சிறையில் பிறந்த குழந்தை என்றால் தமிழர் நெஞ்சில் ஒரு வழக்கு எழும். 1991ஆம் ஆண்டு இராசீவ் காந்தி கொலை வழக்கில் சிறைப்பட்டபோது நளினி கருவுற்றிருந்தார். சிறைக் காவலிலேயே மகள் பிறந்தாள். தாய், தந்தை இருவருக்கும் தூக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் தாயின் தண்டம் வாழ்நாள் தண்டமாகக் குறைக்கப்பட்டபோது, அக்குழந்தை ஏதிலியாகிவிடலாகாது என்பதும் கரணியமாகச் சொல்லப்பட்டது. குழந்தை உறவினரிடம் கடல் கடந்து வளர்ந்தாள். 2022ஆம் ஆண்டு நவம்பரில் பெற்றோர் விடுதலையானபோது அவள் முப்பது அகவைப் பெண். வழக்கைப் பற்றி யார் என்ன கருத்துக் கொண்டாலும், அந்த முப்பது ஆண்டுகள் அந்தப் பிள்ளை செய்த குற்றத்திற்கானவை அல்ல.

ஈழத்திலும் இத்துயர் உண்டு. 2018ஆம் ஆண்டு மார்ச்சில் கிளிநொச்சியில் ஒரு தாய் இறந்தார். வாழ்நாள் தண்டம் பெற்ற அவர் கணவரைச் சிறைக் காவலர் இறுதிச் சடங்கிற்குச் சில மணி நேரம் அழைத்து வந்தனர். திரும்பும் வேளையில் சிறுமியாகிய மகள் தந்தையின் பின்னே சிறை வண்டியில் ஏறிவிட்டாள். தாயில்லாத வீட்டைவிடத் தந்தை இருக்கும் சிறை அவளுக்கு வீடாகத் தோன்றியது. அப்படத்தைக் கண்டு உலகத் தமிழர் கலங்கினர். கலங்கியது சரி, ஆனால், அதே ஏக்கத்தோடு தாம்பரத்தில் நிற்கும் பிள்ளையைக் காணக் கண் வேண்டாவா?

உலகம் இதனை இப்போது உணரத் தலைப்பட்டுள்ளது. ஒன்றிய நாடுகள் அவை 2010ஆம் ஆண்டு ஏற்ற பாங்காக்கு நெறிகள், குழந்தையுடைய பெண்ணைச் சிறையில் சேர்க்கும் முன் அக்குழந்தைக்கு ஏற்பாடு செய்ய அவளுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கின்றன. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு மன்றம் 2007ஆம் ஆண்டு ஒரு வழக்கில், குழந்தைகளை வளர்க்கும் ஒருவருக்குத் தண்டம் விதிக்கும் முன் அக்குழந்தைகளின் நலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இனி, செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, முதல் இரவு. பக்கத்து வீட்டுத் தாய் ஒருத்தி பிள்ளையைத் தன் வீட்டிற்கு அழைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பை, பிறப்புச் சான்று, குடும்ப அட்டை இவற்றை எடுத்து வைக்க வேண்டும். பாட்டி, மாமன், சிற்றன்னை என எவரேனும் இருப்பின் செய்தி சொல்ல வேண்டும். எவரும் இல்லையாயின் 1098 என்னும் எண்ணுக்குப் பேச வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நயச் சட்டப்படி, நல்லெண்ணமுடைய குடிமகன் எவரும் அப்பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின்முன் அழைத்துச் செல்லலாம். 24 மணி நேரத்திற்குள் செல்ல வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பதே அச்சட்டத்தின் கொள்கை. உடன்பிறந்தாரைப் பிரிக்க வேண்டா என்று குழுவிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள்.

இரண்டாவது, உண்மை. 'அப்பா வெளியூர் போயிருக்கிறார்' என்று பிள்ளையிடம் பொய் சொல்வது அன்பு போலத் தோன்றும். மறுநாள் தெருப்பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிடுவர். அப்போது பிள்ளை தந்தையையும் இழந்து, பொய் சொன்னவரிடம் வைத்த நம்பிக்கையையும் இழக்கும். அகவைக்கேற்ற எளிய சொல்லில், 'இதில் உன் பிழை ஒன்றும் இல்லை' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பள்ளி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை அடிப்பதையும் உள்ளத்தை வருத்துவதையும் தடுக்கிறது. வகுப்பில் 'சிறைக்குப் போனவன் மகன்' என்று சொல்லும் ஆசிரியர் சட்டத்தையும் மீறுகிறார், தம் தொழிலறத்தையும் மீறுகிறார். பிள்ளை பாட்டி ஊருக்குப் போக நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று அங்குள்ள அரசுப் பள்ளி அதனைத் திருப்பி அனுப்ப முடியாது. இதனைத் தலைமையாசிரியர்க்கு எடுத்துச் சொல்லப் பாட்டியோடு ஒருவர் செல்லுதல் வேண்டும்.

நான்காவது, உணவு. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி உண்டு; நண்பகல் உணவும் உண்டு. இராச் சோறும் ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையும் ஊரின் பொறுப்பு. ஒரு தெருவில் ஏழு வீடுகள் சேர்ந்தால், ஒரு வீட்டிற்குக் கிழமையில் ஓர் இரவே வரும்.

ஐந்தாவது, காட்சி. மக்கள் வழக்கில் 'மனுப் பார்த்தல்' என்று சொல்லப்படும் நேர்காணலுக்குப் புழல் செல்ல வேண்டும். சென்னைப் புறவழிச்சாலை பெருங்களத்தூரில் தொடங்கிப் புழலில் முடிகிறது. நீளம் 32 கிலோமீட்டர். சாலை ஒன்றே. எனினும், கூலி வேலை செய்யும் பாட்டிக்கு அது ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் விழுங்கும் தொலைவு. அச்செலவை இயக்கத் தோழர் ஏற்கலாம். போக முடியாத கிழமைகளில் பிள்ளை தந்தைக்குத் தமிழில் ஒரு மடல் எழுதட்டும். எழுதத் தெரியாத பிள்ளைக்கு எழுதக் கற்பிக்க அதைவிடச் சிறந்த பாடம் வேறு வேண்டா.

ஆறாவது, வழக்கு. பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் கட்டணமின்றி வழக்குரைஞர் உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது. பிணை கேட்கும்போது, பெண்களுக்குச் சட்டம் தனிச் சலுகை காட்டுவதையும், வீட்டில் பார்ப்பாரற்ற பிள்ளை இருப்பதையும் எடுத்துரைக்குமாறு வழக்குரைஞரிடம் சொல்ல வேண்டும். அறியாமையால் சொல்லாமல் விடப்படும் இச்செய்தி, ஒரு தாயைத் திங்கள் கணக்கில் உள்ளே இருத்திவிடும்.

குற்றத்தால் தீங்குற்ற குடும்பத்திற்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் இதே உதவி உரியது. சொல்லப்போனால் முதலில் உரியது. இரு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் அமர்த்தும் உள்ளம் எளிதில் வராது. அது வரும் ஊரில்தான் பகை அடுத்த தலைமுறைக்குப் போகாது.

மணிமேகலையில் ஒரு காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டமான வரலாற்றைச் சொல்கிறது. சிறையிலிருந்தோர் பசி தீர்த்தவள், 'வேண்டுவது யாது?' என்று வேந்தன் கேட்டபோது, பொன்னும் பொருளும் கேட்கவில்லை. சிறையையே அறம் செய்யும் இடமாக்கித் தருமாறு கேட்டாள். சிறையை மாற்றும் ஆற்றல் இங்குள்ளோர் கையில் இன்று இல்லாமலிருக்கலாம். சிறைப்பட்டவர் விட்டுச் சென்ற வீட்டு வாயிலில் ஒரு விளக்கு ஏற்றும் ஆற்றல் எவர்க்கும் உண்டு.

தாய்மொழிக்காக 32 குழந்தைகளைச் சிறைக்கு அனுப்பிய இனம் தமிழினம். பெற்றோரைச் சிறைக்கு விட்டுவிட்டு நிற்கும் பிள்ளையைத் தெருவில் விடும் இனமாக அது ஆகலாகாது. இக்கூட்டம் முடிந்து செல்லும் தோழர்கள் தத்தம் தெருவில் அப்படி ஒரு பிள்ளை உண்டா என்று இன்றே கேட்டறியட்டும். உண்டென்றால், இன்றிரவுச் சோற்றிலிருந்து தொடங்கட்டும்.