பாளையத்துக்கு வெளியே

(11.2.2024 ஞாயிறு அன்று வானொலியில் வழங்கிய மறையுரை)



பொதுக்காலத்தின் 6ஆம் ஞாயிறாகிய இன்று, லூர்து அன்னையின் நாளும் உலக நோயாளர் நாளும் சேர்ந்தே வந்திருக்கின்றன. இந்த நாளில் திருஅவை நமக்குத் தரும் முதல் வாசகமோ கேட்பதற்குக் கடினமானது. தொழுநோய் என்று குரு தீர்ப்புச் சொல்லிவிட்டால், அந்த மனிதர் கிழிந்த உடை உடுத்தி, தாம் தீட்டானவர் என்று தாமே கூவிக்கொண்டு, பாளையத்துக்கு வெளியே தனியே குடியிருக்க வேண்டும் என்கிறது லேவியர் நூல். இதைக் கேட்டதும் பழைய ஏற்பாட்டின் சட்டம் இரக்கமற்றது என்று நம்மில் பலர் முடிவுகட்டிவிடுகிறோம்.

அவசரப்பட வேண்டாம். அந்த 13ஆம் அதிகாரத்தை முழுதும் வாசித்துப் பாருங்கள். தோலில் ஒரு தடிப்பைக் கண்டவுடன் குரு யாரையும் துரத்திவிடுவதில்லை. ஏழு நாள் தனியே வைத்து மறுபடியும் பார்க்கிறார். ஐயம் தீராவிட்டால் இன்னும் ஏழு நாள். துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட இந்த நோய் வரும் என்று அந்நூல் பேசுவதால், இன்று மருத்துவர்கள் தொழுநோய் என்று சொல்வது மட்டுமே அல்ல அது என்பதும் தெரிகிறது. நுண்ணோக்கியும் மருந்தும் இல்லாத காலம்; கூடாரத்தை ஒட்டிக் கூடாரம். அந்த மக்களின் கையில் இருந்த ஒரே தற்காப்பு, தூரம். 2020இல் நாமும் அதையேதான் செய்தோம். கோவில் கதவுகளைப் பூட்டி, வெறும் இருக்கைகளைப் பார்த்துப் பாஸ்கா திருவிழிப்பை நிறைவேற்றினோம். அதுவும் பிறரன்பால் செய்ததே.

ஆனால் அடுத்த அதிகாரம், 14ஆம் அதிகாரம், நம் ஞாயிறு வாசகங்களில் வருவதில்லை. அது நமக்குப் பெரிய இழப்பு என்றே சொல்வோம். நோய் தணிந்தவரைப் பார்க்க, குருவே பாளையத்தை விட்டு வெளியே போகிறார். சோதித்துப் பார்த்து, சடங்கு நிறைவேற்றி, அவரை உள்ளே அழைத்து வருகிறார். அந்தச் சட்டத்தில் வெளியே போக ஒரு வாசல் இருந்தது, உள்ளே வரவும் ஒரு வாசல் இருந்தது. நாம் முதல் வாசலை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை அடைத்துவிட்டோம்.

நற்செய்தியில் மாற்கு காட்டும் இயேசு அந்த இரண்டாம் வாசலைத் திறக்கிறார். தொட்டுக் குணமாக்கியதோடு நிற்காமல், குருவிடம் போய் உடலைக் காட்டச் சொல்லி அனுப்புகிறார். தோல் சரியானால் மட்டும் போதாது. இவர் நம்மவர் என்று ஊரறியச் சொல்ல ஒருவர் வேண்டும். முடிவைக் கவனித்தீர்களா? குணமானவர் ஊருக்குள் நடமாடுகிறார். இயேசுவோ ஊருக்குள் வர முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்குகிறார். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

இந்த வாசகங்களைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீடுகளில் இருக்கும் ஒரு நோயைப் பற்றிப் பேச வேண்டும். காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நம் மக்கள் இதனால் இறக்கிறார்கள். இவ்வளவு இருந்தும், எந்தப் பங்கிலாவது காசநோயாளிக்காக என்று வெளிப்படையாகத் திருப்பலிக் கருத்து வாசிக்கக் கேட்டிருக்கிறோமா? ‘உடல்நலமின்றி இருக்கும் சகோதரருக்காக’ என்றுதான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இந்தக் கிருமி காற்றில் பரவுகிறது. நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போதும், உரக்கப் பேசும்போதும், பாடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். சன்னல் திறந்திருந்தால் கலைந்துபோகும். தட்டாலும் டம்ளராலும் துணியாலும் இது பரவுவதில்லை. ஆனால் நோய் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் தனியாகப் பிரித்து வைப்பது தட்டையும் டம்ளரையும்தான். சன்னலை யாரும் திறப்பதில்லை. (நம் அன்பியக் கூட்டங்களும் அப்படித்தான். கொசு வருகிறதென்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, இருபது பேர் ஒரே அறையில் உரக்கப் பாடுகிறோம்.)

ஒருகாலத்தில் இந்த நோய் வந்தவர்களை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையமே அந்தப் பெயரில் இருக்கிறது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக நலவாழ்வு நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் அதில் சேர்ந்திருந்தன. ஏறத்தாழ 200 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் நல்ல உணவு, ஓய்வு, மருந்து. மறுபாதிப் பேருக்கு, நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே அதே மருந்து. ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். இரு பக்கத்துக் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் அந்தக் குடும்பங்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. 1959இல் முடிவுகள் வெளிவரத் தொடங்கியபின், உலகெங்கும் சானடோரியங்களின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. நம் ஊரில் கண்டறிந்த உண்மை இது, நேயர்களே. நம் ஊரில்தான் இன்னும் இதை நம்பத் தயங்குகிறோம்.

தொற்றுவது பெரும்பாலும் நோய் என்று தெரிவதற்கு முன்பு, மருந்து தொடங்குவதற்கு முன்பு. மருந்தைச் சரியாக எடுத்தால் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகத் தணிந்துவிடுகிறது. அப்படியானால் இன்று இந்த நோயைப் பரப்புவது எது? மறைப்பது.

நாம் அறிந்த ஓர் இளம்பெண், திருமணமாகிச் சில மாதங்களே ஆனவர், மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடையும் கூடியது. ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்தை அதோடு நிறுத்திவிட்டார். “மாமியார் பார்த்துட்டா என்ன சொல்வேன் சாமி?” என்றார் பின்னாளில். நோய் திரும்பி வந்தபோது வழக்கமான மருந்துக்கு அது கட்டுப்படவில்லை. அதற்குள் அதே வீட்டில் கொழுந்தனாரின் குழந்தைக்கும் தொற்றியிருந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்வது எளிது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வீடு என்ன செய்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் உள்ள மற்றவர்களையும், முக்கியமாகக் குழந்தைகளையும், சோதித்துத் தடுப்பு மாத்திரை தருவார்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதந்தோறும் அரசு உதவித்தொகை தருகிறது. வாங்கத் தயங்க வேண்டாம்.

உணவைப் பற்றி இன்னும் ஒரு சொல். கிருமி உடலுக்குள் போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோரிடம் அது உறங்கிக் கிடக்கிறது. பசியால் உடல் மெலிந்தால் விழித்துக்கொள்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில், நோயாளிகளின் குடும்பத்தார் 10,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. மாதந்தோறும் அரிசியும் பருப்பும் பெற்ற குடும்பங்களில், பெறாதவற்றைவிட, புதிதாக நோய் வந்தது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. மருந்தல்ல, அரிசியும் பருப்பும்! வரும் புதன் திருநீற்றுப் புதன். ஒறுத்தல் செய்து மிச்சம் பிடிப்பதை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான விடை நம்மிடம் இல்லை. பெயர் வெளியே தெரியாமல் கொடுங்கள்; பங்கு அலுவலகம் வழியாகவும் கொடுக்கலாம்.

லேவியர் நூலின் குரு பாளையத்துக்கு வெளியே நடந்து போனார் அல்லவா? குருக்களாகிய எங்களுக்கும் அந்த வேலை மிச்சம் இருக்கிறது. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டுக்கு நாங்கள் வர வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். நோயை யாருக்கும் சொல்ல மாட்டோம். அக்கம்பக்கத்தார் பார்க்கத் திண்ணையில் உட்கார்ந்து, உங்கள் வீட்டு டம்ளரில் காப்பி குடித்துவிட்டுப் போகிறோம்.