வரையாடு ஈனும் காலம்
(கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரை)



தேர்வுக்கு முன் ஒரு சுற்றுலா செல்ல எண்ணுகிறீர்கள் என்றும், உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு சென்று இரவிகுளம் தேசியப் பூங்காவைக் காண விரும்புகிறீர்கள் என்றும் அறிந்தேன். நல்ல எண்ணமே. ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அப்பூங்காவின் வாயில் வழக்கமாக மூடப்பட்டிருக்கும். பார்வையாளர் மிகுதியாக வரக்கூடிய பருவத்தில், வருவாய் தரும் ஓர் இடத்தை அரசே மூடி வைப்பது முறையா என்ற வினா எழுவது இயல்பு. அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

இடுக்கி மாவட்டத்தில் 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது இரவிகுளம். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதனைச் சார்ந்தது. தேயிலைத் தோட்ட நிறுவனத்தின் வேட்டைக் காடாக ஒரு காலத்தில் இருந்த இந்நிலம், 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. உலகில் வரையாடுகள் மிகுதியாக வாழும் இடம் இதுவே.

‘வரை’ என்றால் மலை. மலைச் சரிவே அதன் வீடு. செங்குத்தான பாறையே அதன் கோட்டை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் காணப்படாத இவ்விலங்கு, தமிழ்நாட்டின் மாநில விலங்குமாகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இணைசேரும் வரையாடுகள், ஏறக்குறைய ஆறு மாதச் சினைக்குப் பின், தை, மாசி மாதங்களில் குட்டி ஈனுகின்றன. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். இராஜமலைப் பகுதியிலுள்ள ஆடுகளோ மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. கூட்டம் நெருங்கிச் சூழ்ந்தால் தாயும் குட்டியும் பிரிய நேரிடும். பிரிந்த குட்டி பிழைப்பது அரிது. ஆகவேதான் இந்த இரு மாத ஓய்வு.

இதே காலத்தில் மலையில் வேறொரு பணியும் நடைபெறுகிறது. பனியில் கருகிய புல், வெயிலில் காய்ந்து தீக்கு இரையாகக் காத்திருக்கும். தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பதும், கண்காணிப்பதும் அப்போது இன்றியமையாதவை. இப்பணிகளில் முதுவர் பழங்குடி மக்களின் பங்கு பெரிது. எந்தச் சரிவில் எப்போது காற்று திரும்பும் என்பதைத் தலைமுறை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள். வேட்டைக் காடாக இருந்த நாளிலேயே காவலர்களாகப் பணியாற்றிய வழிவந்தோர். அவர்களுக்குப் பூங்காவில் நிலையான வேலையும் உரிய ஊதியமும் கிடைப்பது, வனப் பாதுகாப்பின் ஓர் அங்கமே அன்றிச் சலுகையன்று.

பூக்களைப் பற்றியும் கூற வேண்டும். சோலைகளின் ஓரத்தில் காட்டுப் பூவரசு செந்நிறமாக மலர்வது இக்காலத்தில்தான். கீழே, மழை மறைவுப் பகுதியான சின்னாற்றில், இலை உதிர்த்த இலவமும் முருக்கும் பூத்துக் குலுங்கும். காடு வறண்ட இந்நாட்களில் பறவைகளுக்கும் அணில்களுக்கும் அப்பூக்களின் தேனே உணவு. சித்திரையில் கொன்றை பொன் சொரியும். பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்திலும் பின்பனியும் இளவேனிலும் இவ்வாறே காட்டின் நிறத்தை மாற்றுகின்றன.

நீலக்குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழைக் காலத்தை ஒட்டி மலர்வது. 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இம்மலைகள் நீலம் போர்த்தன. அடுத்தது 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. ஒருமுறை பூத்து, விதை தந்து, மடிந்துவிடும் செடி அது. இன்று பறிக்கப்படும் ஒரு கொத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மலர வேண்டிய செடிகளின் விதையாகும்.

இனி, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம். ஆனைமுடியை ஒட்டிய மலைகளில் பிறக்கும் பாம்பாறு கிழக்கு நோக்கிப் பாய்ந்து, சின்னாற்றுடன் கலந்து அமராவதியாகிறது. உடுமலை, தாராபுரம், கரூர் வட்டாரங்களின் வயல்கள் இந்நீரை நம்பியுள்ளன. மழை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையிலும் கசியவிடுவது அந்தப் புல்வெளியும் சோலையுமே. வரையாடு மேயும் புல் அழிந்தால், அந்த இழப்பு நம் வாய்க்காலிலும் தெரியும்.

ஆட்டுக்கு மாநில எல்லை தெரியாது. இரவிகுளத்தை ஒட்டியே தமிழ்நாட்டின் புல்மலை உள்ளது. 2025-இல் கேரளமும் தமிழ்நாடும் ஒரே சமயத்தில் நடத்திய கணக்கெடுப்பில், இரு மாநிலங்களிலும் சேர்த்து 2,600-க்கும் அதிகமான வரையாடுகள் கண்டறியப்பட்டன. ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அளவே அது! ஓர் இனம் முழுவதும் அவ்வளவுதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வாயில் மூடப்படுவதால் விடுதிக்காரருக்கும் வாகன ஓட்டுநருக்கும் ஓரளவு வருவாய் குறைவது உண்மையே. அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், பார்வையாளர் வருவது வரையாட்டைக் காணத்தான். விதைநெல்லை உண்ணும் உழவன் அடுத்த போகத்தை இழக்கிறான். ஏனைய பத்து மாத வருவாய்க்கு இந்த இரு மாதமே முதலீடு.

எனவே, உங்கள் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளி வையுங்கள். கோடை மழையில் துளிர்த்த புல்லில், தாயைத் தொடர்ந்து துள்ளும் குட்டிகளைக் காண்பீர்கள். இப்போதே செல்ல வேண்டுமாயின், சின்னாற்றுக்குச் சென்று, தீ அபாயம் கருதி நடைப்பயணம் நிறுத்தப்படாதிருந்தால், பழங்குடி வழிகாட்டியுடன் காட்டில் நடந்து வாருங்கள். மூடிய வாயிலைக் கண்டு சலிப்படையாதீர்கள். அதற்கு அப்பால் அடுத்த தலைமுறை பிறந்துகொண்டிருக்கிறது.