ஏலாதவரைப் பார்க்கிறவரையும் பார்க்க வேண்டும்

(பண்டாரவளைப் பகுதித் தோட்ட மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



"பிரதேச சபையால எங்களுக்கு என்ன நடக்கப்போகுது?" என்று பல பேர் எங்களிடம் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வீட்டில் நடக்க ஏலாதவரை வைத்துப் பார்க்கிற குடும்பங்களை மனதில் வைத்துத்தான் இன்றைக்கு அதற்குப் பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்கு அது ஒரு வேலி மாதிரி. நம்ம ஆட்கள் வாக்குப் போட்டார்கள், உறுப்பினர்களையும் அனுப்பினார்கள். ஆனால் லயத்துக்கு ஒரு பாதை கேட்டால் "அது தோட்டக் காணி, கம்பனியைக் கேளுங்க" என்பார்கள். கம்பனியைக் கேட்டால் "சபையைக் கேளுங்க" என்பார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை வேலை செய்ய வழி திறந்தது. பிறகு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, தெரிவான உறுப்பினர் இல்லாமலே இரண்டு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. 2025 மே 6ஆந் திகதிதான் வாக்களிப்பு நடந்தது. இப்போது போய்க் கேட்க ஆள் இருக்கிறது.

என்ன கேட்பது? "எங்கட தோட்டத்த அபிவிருத்தி செய்ங்க" என்று எழுதினால் அந்தக் கடிதம் கோப்புக்குள் போய்த் தூங்கும். இன்ன டிவிசன், இன்ன லயம், இன்ன காம்பரா, எத்தனை படி என்று எழுத வேண்டும். படிக்குப் பதிலாகச் சாய்தளம் போடுவதற்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் ஒன்றரை அடி உயரம், பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். லயத்து வாசலில் நேராக அவ்வளவு இடம் கிடைக்காது. சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் இறக்கலாம். அதற்கும் இடமில்லாவிட்டால் கக்கூசுக்குப் போகிற பாதைக்குக் கொங்கிரீட்டும் பிடித்து நடக்க ஒரு குழாயும் கேளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்த வழுக்கலில் பெரியவரைத் தாங்கிக்கொண்டு போகிற மருமகளுக்கு அந்தக் குழாய் பெரிய உதவி. காணி விஷயம் இருக்கிறபடியால் கடிதத்தின் பிரதி ஒன்றைத் துரைக்கும் கொடுங்கள். அடுத்த வருஷத்து வரவு செலவைச் சபை வருஷக் கடைசியில் போடும். அதற்கு முன்னால் கொடுத்தால்தான் பயன்.

அரசாங்கக் கட்டடங்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 1996இல் வந்தது, 28ஆம் இலக்கம். பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இல் வந்தது. 2009இல் உயர் நீதிமன்றமும் அதைச் சொன்னது. அப்படி இருந்தும், ஒரு அலுவலகத்தில் மேல்மாடிக் கவுண்டருக்குப் பதினாறு வயது மகனை முதுகில் சுமந்துகொண்டு ஏறிய தாயை நாங்கள் கண்டிருக்கிறோம். பையன் ஆளே வரவேண்டும் என்றார்களாம். உத்தியோகத்தர் கீழே இறங்கி வந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை! இனி அப்படி யாரும் சுமக்க வேண்டாம். "ஐயா, கொஞ்சம் கீழே வாங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். அது பிச்சை கேட்பதல்ல.

இனிப் பார்த்துக்கொள்கிறவர்களின் பாடு. தோட்டத்தில் இது பெரும்பாலும் பொம்பளைப் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது. பிள்ளைக் காம்பராவில் ஐந்து வயதுவரை பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் நடக்காத, பேசாத பிள்ளை என்றால் தாய் மலைக்குப் போகாமல் நிற்கிறாள், இல்லாவிட்டால் மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விடுகிறது. மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சேமலாப நிதியும் இல்லை. அஸ்வெசும மூலம் மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கிற தொகையை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்த்தினார்கள். நல்லது. ஆனால் அது ஏலாதவரின் கணக்கில் வருகிற காசு. பார்க்கிறவளுக்கென்று தனியாக ஒரு சதமும் இல்லை. இது பெரிய குறை என்பதுதான் எங்கள் எண்ணம். சபையால் இதைத் தீர்க்க முடியாது, சட்டம் போடுகிறவர்கள்தான் செய்ய வேண்டும். ஆனாலும் நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதுவரை கையில் கிடைப்பதை விடக் கூடாது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் வீட்டு உதவி, மருத்துவ உதவி, சுயதொழில் உதவி, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு அவர் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சிங்களத்தில் படிவம் தந்தால் தமிழில் கேட்டு வாங்குங்கள், தமிழும் அரச கரும மொழிதான்.

இன்னும் ஒன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மழை நாளில் "எழும்பிப் போங்க" என்று அறிவித்தல் வந்தால், படுக்கையில் கிடக்கிறவரை யார் தூக்குவது? பொம்பளை ஒருத்தியால் முடியாது. எந்தக் காம்பராவில் யார் படுத்திருக்கிறார், தூக்க எந்த இரண்டு பொடியன்மார் என்று டிவிசன் வாரியாக இப்பவே எழுதி, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுப்போம்.

வருகிற சம்பள நாள் பின்நேரம் நாங்கள் பிள்ளைக் காம்பராவில் இருப்போம். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம் மூன்றையும் கொண்டு வாங்க. ஏலாதவரைக் கூட்டி வரவேண்டாம், வீட்டுக்கு நாங்களே வந்து பார்த்து எழுதுகிறோம்.